கிளாஸ் டி ஆம்ப் வாங்கப் போறீங்களா? அடாப்டரைத் திருப்பிப் பாருங்க

பாட்டு கேட்கணும், நல்லாக் கேட்கணும், ஆனா பர்ஸ் பழுத்துடக் கூடாது. இந்த மூணு ஆசையும் உள்ள ஆள் இப்போதெல்லாம் வந்து நிற்கிற இடம் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அலுமினியப் பெட்டி, பின்னாடி ஸ்பீக்கர் ஒயர் மாட்ட நாலு டெர்மினல், முன்னாடி ஒரே ஒரு வால்யூம் குமிழ், கூடவே லேப்டாப்புக்குத் தருவது மாதிரி ஒரு அடாப்டர். பெட்டி மேலே கொட்டை எழுத்தில் "300 வாட் + 300 வாட்" என்று போட்டிருக்கும். விலை பத்தாயிரத்தை ஒட்டி.

இந்தப் படத்தை அனுப்பி "இது நெசமாண்ணே?" என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கடைசியாகக் கேட்டது என் சித்தப்பா பையன். பன்னிரண்டுக்குப் பதினாலு அடி ஹால், ஸ்பீக்கர் ஆம்ப் எல்லாம் சேர்த்துக் கையில் முப்பதாயிரம். கடைக்காரர் அவனிடம், "நூறு வாட்டுக்குக் கீழே வாங்கினா ஸ்பீக்கர் தெறக்காது சார்" என்று சொல்லி முக்கால் பங்கை ஆம்புக்கே ஒதுக்க வைக்கப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற மாசத்தில் மிச்சம் பிடித்த முப்பதாயிரம் அது. அதனால் அவனிடம் சொன்னதையே இங்கேயும் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை யாராவது கேட்டால் சுட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாமில்லையா :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பாட்டு கேட்க கிளாஸ் டி தாராளமாகப் போதும். எந்த கிளாஸ் டி என்பதைப் பெட்டி மேல் உள்ள வாட்ஸை வைத்தோ, உள்ளே இருக்கும் சிப்பின் பெயரை வைத்தோ முடிவு பண்ணாதீர்கள். முதலில் அடாப்டர், அடுத்து உங்கள் ஸ்பீக்கர். சிப்பெல்லாம் அதுக்கப்புறம்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். டி என்றால் டிஜிட்டல் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏ, பி, சி என்று ஏற்கெனவே மூணு வகைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, அடுத்து வந்ததால் டி. அவ்வளவுதான். விஷயமும் புதுசு இல்லை. இங்கிலாந்தில் சின்க்ளேர் கம்பெனி 1964-லேயே எக்ஸ்-10 என்று ஒரு கிளாஸ் டி கிட் விற்றது. பெயரில் 10 வாட், நிஜத்தில் வெளியே வந்தது சுமார் 2.5 வாட். ஆக வாட்ஸில் கதை விடுவது கிளாஸ் டி பிறந்த வீட்டுச் சீதனம்! அன்றைக்கு இருந்த டிரான்சிஸ்டர்கள் இந்த வேலைக்கு வேண்டிய வேகத்தில் ஓடவில்லை. பவர் மாஸ்ஃபெட் வந்த பிறகு 1978-ல் சோனி டிஏ-என்88 என்று ஒன்றை இறக்கியது. ஆனாலும் சாதாரண வீட்டுக்கு வர இன்னும் நாளானது.

சாமானியனுக்கு இது வந்து சேர்ந்த கதையில் நம் நாட்டுக்காரர் ஒருவரும் இருக்கிறார். ஆத்யா திரிபாதி என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய டிரைபாத் என்ற சிப் கம்பெனி. அவர்களுடைய 2024 ஐசியைப் போட்டு, எட்டு பேட்டரி செல்லில் ஓடுகிற பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஒரு டி-ஆம்ப் 2000-களின் நடுவில் வந்தது. விலை 40 டாலருக்குக் கீழே. லட்சக்கணக்கில் கொட்டி ஆம்ப் வாங்கியவர்களெல்லாம் அதைக் கேட்டுவிட்டு வாயடைத்துப் போனார்கள். டிரைபாத் 2007-ல் திவாலாகிவிட்டது. ஆனால் அது திறந்து வைத்த கதவு வழியாகத்தான் இன்றைய சின்னப் பெட்டிகள் எல்லாம் உள்ளே வந்தன. இப்போது பெரும்பாலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சிப்தான் உள்ளே இருக்கும். சின்னதுக்கு 3116, பெரியதுக்கு 3255.

வேலை செய்யும் விதத்தைச் சொல்ல நம் வீட்டு ஃபேன் ரெகுலேட்டரே போதும். பழைய ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? சுவிட்ச் போர்டில் செங்கல் சைஸுக்கு உட்கார்ந்திருக்கும். ஃபேனை ஒண்ணில் வைத்தால் தொட முடியாமல் சுடும். வேண்டாத மின்சாரத்தைச் சூடாக்கித் தொலைப்பதுதான் அதன் வேலை. பழைய ஏபி வகை ஆம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். டிரான்சிஸ்டர் பாதி திறந்தும் பாதி மூடியும் நிற்கும்; நடுவில் மாட்டிக்கொண்ட பவர் சூடாகிப் போகும். அதனால்தான் அதுக்குப் பின்னால் கிலோக் கணக்கில் அலுமினிய ஹீட்சிங்க். புதுசாக வந்த குமிழ் ரெகுலேட்டர் சூடாவதில்லை, ஏனென்றால் அது மின்சாரத்தைக் கணக்காக வெட்டி வெட்டி விடுகிறது. கிளாஸ் டி-யில் அந்த வெட்டு விநாடிக்கு நாலு லட்சம் தடவை, அதுக்கு மேலும் நடக்கும். மாஸ்ஃபெட் ஒன்று முழுசாகத் திறந்திருக்கும், இல்லை முழுசாக மூடியிருக்கும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில்தான் பாட்டு இருக்கிறது. கடைசியில் ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்து அந்த வெட்டுக்களை வழித்து எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். 100 வாட் உள்ளே போனால் 90-ஐ ஒட்டி வெளியே வந்துவிடும். மே மாசத்துச் சென்னையில், ஏசி இல்லாத ஹாலில் உட்கார்ந்து பாட்டு கேட்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, அடாப்டருக்கு வருவோம்.

இந்தச் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவை பிரிட்ஜ் முறையில் ஸ்பீக்கரை ஓட்டுகின்றன. ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் ஆம்பே பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றி இழுக்கும். அதனால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வோல்ட் என்பது அடாப்டர் கொடுக்கிற வோல்ட்தான். அதுக்கு மேலே ஒரு பைசா வராது. சிப் எதுவானாலும் சரி, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஆகவே கணக்கு நாலாங்கிளாஸ் கணக்கு. அடாப்டரின் வோல்ட்டை அதே எண்ணால் பெருக்குங்க. ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் 16-ஆல் வகுங்க, 4 ஓம் என்றால் 8-ஆல் வகுங்க. வருவதுதான் ஒரு சேனலுக்குச் சுத்தமாகக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச வாட். நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறையும்.

போட்டுப் பாருங்க. 12 வோல்ட் அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை மாட்டினால் 22 வாட்டைக் கொஞ்சம் தாண்டும். 24 வோல்ட்டுக்கு 36. 32 வோல்ட்டுக்கு 64. 48 வோல்ட்டுக்கு 144. இவ்வளவுதான் ரகசியம். "300 + 300" என்று எழுதிய பெட்டியோடு 32 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வருகிறது என்றால், அந்த அடாப்டர் மொத்தமாகக் கொடுக்கக்கூடியதே 32 பெருக்கல் 5, அதாவது 160 வாட். 160 உள்ளே போய் 600 வெளியே வருவதற்கு அது என்ன அட்சய பாத்திரமா?

அப்போ 300 என்ற எண் எங்கிருந்து வந்தது? அதுவும் முழுப் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. 3255 சிப்பின் டேட்டாஷீட்டில் 315 வாட் என்று சேனலுக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பக்கத்திலேயே நிபந்தனையும் இருக்கிறது. 50 வோல்ட்டுக்கு மேல் சப்ளை, 4 ஓம் ஸ்பீக்கர், டிஸ்டார்ஷன் 10 சதவீதம். 10 சதவீதம் என்றால் காதால் கேட்கவே முடியாத கரகரப்பு. ஒரு சதவீதத்துக்குள் என்றால் அதே சிப்புக்கு 260 என்று அதே டேட்டாஷீட் சொல்கிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 150. இரண்டு சேனலுக்கும் முழுசாக அந்த 315-ஐக் கறக்கணும் என்றால் 12 ஆம்பியருக்கு மேல் கொடுக்கிற 50 வோல்ட் சப்ளை வேண்டும். அது ஒன்றே ஆம்பை விடப் பெரிதாக இருக்கும். 3116 கதையும் இதேதான். 50 + 50 என்பது 21 வோல்ட்டில், 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனில். உங்கள் வீட்டு 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதே 21 வோல்ட்டில் 27 வாட் வந்தால் பெரிது.

நமக்கு இதெல்லாம் பழகிய வித்தைதான். தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் பெட்டி மேல் "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று ஒட்டியிருப்பார்கள். பின்னாடி திருப்பினால் மின்சாரம் இழுப்பது 25 வாட் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அமெரிக்காவில் இந்தக் கூத்துக்கு 1974-லேயே ஒரு விதி போட்டார்கள், 2024-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒரு சதவீதத்துக்குக் குறைவான டிஸ்டார்ஷனில் அளந்துதான் வாட் சொல்லவேண்டும் என்று. நாம் வாங்குகிற பெட்டிகளில் அந்தக் கண்டிப்பை எதிர்பார்க்க முடியாது. அதனால் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆம்பியர் எவ்வளவு இருக்கணும் என்று கேட்பீர்கள். வோல்ட் அளவுக்கு அது கறாரான விஷயம் இல்லை. பாட்டு எப்போதும் முழு வேகத்தில் ஓடுவதில்லை. ஒரு மிருதங்க அடி, ஒரு டிரம் அடி, அந்தக் கணத்துக்குத்தான் உச்சம். மற்ற நேரமெல்லாம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்காது. அந்தக் கணத்தைப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சமாளித்துக் கொடுக்கும். ஆகவே ஆம்பியர் கொஞ்சம் குறைந்தால் தேவலை. வோல்ட் குறைந்தால் ஒண்ணும் செய்ய முடியாது, உச்சம் வெட்டுப்பட்டுத்தான் வரும். அதுக்காக வோல்ட்டைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. 3116-க்கு 26 வோல்ட் எல்லை. 32 வோல்ட் அடாப்டர் பின் சரியாக நுழையுதே என்று மாட்டினால் புகை வரும். சில மலிவு போர்டில் 25 வோல்ட் தாங்குகிற கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டு 24 வோல்ட் போடலாம் என்று எழுதியிருப்பார்கள். கெப்பாசிட்டர் மேல் 35 என்று இருந்தால்தான் நான் 24 மாட்டுவேன்.

இப்போ கடைக்காரர் சொன்ன "தெறக்காது"க்கு வருவோம். வீட்டுக்கு எத்தனை வாட் வேண்டும்? சாதாரணப் புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி சுமார் 86 டெசிபல் சத்தம் தரும். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் கூடும். 2 வாட்டுக்கு 89, 4-க்கு 92, 8-க்கு 95, 16-க்கு 98, 32-க்கு 101. எட்டு பத்தடி தள்ளி உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் கொஞ்சம் ஏறும். வீட்டில் மனுஷன் சாவகாசமாகப் பாட்டு கேட்கிற சத்தம் 75, 80 டெசிபல். உச்சம் அதைவிட 15 கூடுதலாக வந்தாலும் 95. ஆக 10 வாட்டில் குடும்பம் நடத்தலாம், 30 வாட் இருந்தால் ராஜா. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். "ஆமா, கொஞ்சம் சத்தமா இருக்கு" என்று சொல்லும் அளவு. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவே 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டுவது இதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே நடந்துவிடும்.

அடுத்தது ஸ்பீக்கர் ஓம். இதைப் பற்றி விற்கிறவர்கள் பேசுவதே இல்லை, ஆனால் காதுக்கு உண்மையிலேயே கேட்கக்கூடிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. வெட்டுக்களை வழித்தெடுக்க ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் இருக்கிறது என்றேனில்லையா? அந்த ஜோடியின் அளவை ஒரு குறிப்பிட்ட ஓமுக்குத்தான் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். 4 ஓமுக்குக் கணக்குப் போட்டதில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் உச்ச ஸ்தாயி சில டெசிபல் தூக்கிக்கொள்ளும். மாற்றி மாட்டினால் அமுங்கும். இன்னும் மோசம், ஸ்பீக்கரின் ஓம் எல்லா ஸ்தாயியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ட்வீட்டர் பகுதியில் ஏறும் இறங்கும். "கிளாஸ் டி கேட்டா 'ஸ்ஸ்' கூர்மையா குத்துது"ன்னு ஒருத்தரும், "இல்லியே, எனக்கு மழுங்கலா இருக்கே"ன்னு இன்னொருத்தரும் ஒரே ஆம்பைப் பற்றிச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். இரண்டு பேர் காதும் சரிதான். ஸ்பீக்கர்தான் வேறே.

இதுக்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது. வெளியே போகிற சத்தத்தைத் திரும்ப அளந்து திருத்திக்கொள்ளும் ஃபீட்பேக்கை, அந்தக் காயிலுக்கு முன்னாடி எடுக்காமல் அதைத் தாண்டிய பிறகு எடுப்பது. பிலிப்ஸில் வேலை பார்த்த புருனோ புட்சேஸ் என்ற பெல்ஜியக்காரர் 2000-களின் தொடக்கத்தில் யுசிடி என்ற பெயரில் இதை அழகாகச் செய்து காட்டினார். ஹைபெக்ஸ், பிறகு பியூரிஃபை என்று அவர் கைபட்ட மாட்யூல்கள் இன்று உலகத்திலேயே சுத்தமான ஆம்ப்களில் சேர்த்தி. விலையும் அப்படித்தான். ஆனால் அண்மையில் 3255 சிப் போட்ட மலிவுப் பெட்டிகளிலேயே சிலது இந்த முறைக்கு வந்துவிட்டன. விவரக்குறிப்பில் பி.எஃப்.எஃப்.பி. என்று நாலு எழுத்து இருக்கும். ஒரே விலையில் இரண்டு இருந்தால், கூடுதல் வாட் உள்ளதை விட்டுவிட்டு இந்த நாலு எழுத்து உள்ளதை எடுங்கள். ஸ்பீக்கரை நாளைக்கு மாற்றினாலும் ஆம்ப் குணம் மாறாது.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. ஆம்பை அளவுமானியில் மாட்டி டிஸ்டார்ஷனையும் இரைச்சலையும் சேர்த்து ஒரு மார்க் போடும் கோஷ்டி. அவர்கள் செய்வது நல்ல காரியம், வாட்ஸ் கதை விடுகிறவர்கள் பிடிபட்டது அவர்களால்தான். ஆனால் 90 வாங்கிய ஆம்பை விட்டுவிட்டு 100 வாங்கிய ஆம்புக்கு இரண்டு மடங்கு காசு கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. தலைக்கு மேலே சீலிங் ஃபேன் மூணில் ஓடுது, தெருவில் ஷேர் ஆட்டோ போகுது, கிச்சனில் குக்கர் விசிலடிக்குது. அந்தப் பத்து டெசிபல் வித்தியாசம் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று ஃபேனை நிறுத்திவிட்டுத் தேடினாலும் வியர்வைதான் மிச்சம். அதே காசை ஸ்பீக்கரில் போட்டால் முதல் பாட்டிலேயே தெரியும்.

வாங்கி வந்து மாட்டும்போது ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீங்க. பழைய ஆம்பில் ஸ்பீக்கரின் கறுப்பு டெர்மினல் என்றால் அது கிரவுண்ட். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நெகட்டிவ் ஒயர் இழுத்து மூணே ஒயரில் வேலையை முடிப்பது நம்மூரில் சகஜம். சுவருக்குள்ளேயே அப்படி இழுத்த வீடுகள் உண்டு. பிரிட்ஜ் முறை கிளாஸ் டி-யில் கறுப்பும் உயிருள்ள ஒயர்தான், சப்ளையில் பாதி வோல்ட் எப்போதும் அதில் நிற்கும். இரண்டு கறுப்பையும் சேர்த்தாலோ, கறுப்பைப் பெட்டி உடம்பிலோ சப்-ஊஃபரின் கிரவுண்டிலோ தொட்டாலோ சிப்புக்குக் கருமாதிதான். நல்ல சிப் தானே அணைந்து தப்பிக்கும், ஆனால் அதை நம்பிச் சோதனை பண்ணவேண்டாம். நாலு ஒயர், நாலும் தனித்தனி.

மீடியம் வேவ் ரேடியோ கேட்கிற வீட்டுப் பெரியவர்கள் இருந்தால் ஆம்பை அந்த ரேடியோவுக்குத் தள்ளி வையுங்கள். 400 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிற ஆம்பின் எதிரொலிகள் 800, 1200 என்று நேரே மீடியம் வேவ் முள்ளுக்கு அடியிலேயே வந்து உட்காரும். கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் அடாப்டர் என்பதால், லோ வோல்டேஜில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் மாதிரி முனகாது. இன்வெர்ட்டரிலும் நிம்மதியாக ஓடும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் தப்பு. என் மனசில் ஆறாமல் இருப்பது இந்த ஒன்றுதான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருந்தார். கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து டீக்கடை செட் வரை எல்லாம் அவர் கையில் பூட்டியது. 3055 டிரான்சிஸ்டர் ஒரு ஜோடி போயிருந்தால் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். 2030 ஐசி, எஸ்.டி.கே. ஐசி எல்லாம் டப்பாவில் வைத்திருப்பார். ஒரு ஆம்ப் மூணு தடவை செத்துப் பிழைத்து இருபது வருஷம் ஓடும். கிளாஸ் டி சிப்போ நகம் அளவில் நாற்பது ஐம்பது காலோடு போர்டோடு ஒட்டிக்கிடக்கிறது. சிலதில் அடியில் சூடு கடத்த வேறு ஒட்டியிருக்கும். சாதாரண சால்டரிங் அயர்னுக்கு அது மசியாது. பெரும்பாலான கடைகளில் "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிக்குங்க" என்பார்கள். பத்தாயிரம் ரூபாய் சாமான் ஒரே நாளில் பேப்பர் வெயிட். அண்ணனிடம் ஒருமுறை ஒரு கிளாஸ் டி போர்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தம்பி, இதுல நான் எங்கன கை வைக்க?" என்றார்.

இதுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில் இருக்கிறது, அதுவும் அடாப்டர்தான். இந்தப் பெட்டிகளில் சிப்பை விட முன்னாடி போவது பெரும்பாலும் சப்ளை. சப்ளை பெட்டிக்கு உள்ளேயே இல்லாமல் தனி அடாப்டராக இருந்தால், அது போனாலும் ரிச்சி தெருவில் அதே வோல்ட் அடாப்டரை வாங்கி மாட்டி அன்று சாயங்காலமே பாட்டு கேட்கலாம். அதனால் வீட்டு உபயோகத்துக்கு நான் வெளி அடாப்டர் உள்ளதைத்தான் சிபாரிசு செய்வேன். அதிலும் யாருக்கும் இல்லாத விசித்திர பின் வைத்ததை வேண்டாம் என்பேன். சாதாரண 5.5 மில்லிமீட்டர் பின் தானா, உள் துளை 2.1-ஆ 2.5-ஆ என்று வாங்கும்போதே பார்த்துக் குறித்து வையுங்கள். பெட்டியைத் திறக்க முடிகிற மாதிரி ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள். கெப்பாசிட்டரும் வால்யூம் கண்ட்ரோலும் இன்னும் அண்ணன்கள் மாற்றக்கூடிய சாமான்கள்தான்.

ஏற்கெனவே வீட்டில் ஓடுகிற நல்ல ஏபி ஆம்ப் இருக்கிறது, மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: மாற்றாதீங்க. அது செத்தால் பிழைக்க வைக்க ஆள் இருக்கிறார், கிளாஸ் டி வாங்கி அதைவிடப் பெரிதாக எதுவும் கேட்கப் போவதில்லை. கரண்ட் பில்லில் மிச்சமாவதும் சொற்பம். ஒரே விதிவிலக்கு, உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்து அந்தப் பழைய ஆம்ப் அதுக்குத் திணறினால்.

தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இதுதான். முப்பதாயிரத்தில் இருபதை ஸ்பீக்கருக்கு ஒதுக்கு. 8 ஓம், 86 டெசிபலுக்குக் குறையாமல், கடையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து உனக்குத் தெரிந்த பாட்டைப் போட்டுக் கேட்டு எடு. மிச்சத்தில் ஏழெட்டுக்குள் ஒரு 3255 பெட்டி, முடிந்தால் அந்த நாலெழுத்து ஃபீட்பேக் உள்ளது, 32 வோல்ட் அடாப்டரோடு. 48 வேண்டாம், உன் ஹாலுக்கு 64 வாட்டே பாதி தூங்கும். மீதியில் நல்ல செம்பு ஒயரும், இரண்டு ஸ்பீக்கரையும் காதுயரத்துக்குக் கொண்டுவர ஆசாரியிடம் சொல்லி இரண்டு மர ஸ்டாண்டும்.

"ஸ்டாண்டு எதுக்குண்ணே, டிவி மேசையிலயே வச்சுக்கறேன்" என்கிறான். அந்த ஸ்டாண்டு 100 வாட்டை விட அதிகம் பேசும் என்று சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, ஹாலில் எங்கே உட்காருவது என்பதெல்லாம் தனிப் பதிவுக்கான சமாச்சாரம். ஆணி கொஞ்சம் குறையட்டும், எழுதுகிறேன்.